முப்பது நிமிஷ லேபிள்

அக்கா: ...அதைத்தான் நானும் கேக்கறேன். மத்தவங்க டிஸ்க்குக்கு லேபிள் போட ஆறு நிமிஷம். அந்த டாக்டர் பொண்ணு டிஸ்க்குக்கு மட்டும் எப்படிடா அரை மணி நேரம் ஆகுது?

தம்பி: மெதுவாப் பேசு அக்கா. கடைக்கு வர்றவங்க காதுல விழப் போகுது.

அக்கா: யாரு வர்றா? ஒரு மணி ஆச்சு, ஊரே சாப்பிடப் போயிடுச்சு. ஜெராக்ஸ் மெஷினே ஓய்வா இருக்கு. நீ பதிலைச் சொல்லு.

தம்பி: மெஷின்ல மூணு வேகம் இருக்கு. டிஸ்க் மேல படம் நல்லாக் கருப்பா விழணும்னா மெதுவா ஓட்டணும். வேகமா ஓட்டினா வெளிறிப்போயிடும்.

அக்கா: மத்தவங்களுக்கு வெளிறிப்போனாப் பரவாயில்லை.

தம்பி: அவங்க யாரும் குறை சொல்லலையே.

அக்கா: இவங்க சொன்னாங்களா?

தம்பி: இல்ல... சொல்லலை.

அக்கா: பல் டாக்டருக்கு வாரத்துல ஒரு மத்தியானம்தான் ஓய்வு. அதுலயும் மூணரைக்கு மறுபடி கிளினிக்கைத் திறக்கணும். அந்தப் பாவப்பட்ட ஓய்வை எடுத்து, உன் எதிர்ல இருக்கற பிளாஸ்டிக் நாற்காலியில போட்டு வச்சிருக்கே.

தம்பி: நான் ஒண்ணும் கட்டிப் போடலையே. அவங்களாத்தான் உட்கார்றாங்க.

அக்கா: சரி, அதை விடு. பல்லு வலிக்குதுன்னு மூணு தடவை கிளினிக்குக்கே போனியே. அங்கயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

தம்பி: சொல்லத்தான் போனேன். வாயைத் திறங்கன்னாங்க. திறந்தேன். உடனே கண்ணாடியையும் கம்பியையும் உள்ள விட்டுட்டாங்க. அப்புறம் எங்க பேசறது?

அக்கா: வெளிய எடுத்தப்புறம்?

தம்பி: எடுத்தப்புறம்... பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, போயிட்டு வாங்கன்னுட்டாங்க.

அக்கா: மூணு தடவையுமா?

தம்பி: மூணாவது தடவை, போயிட்டு வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சிரிச்சாங்க.

அக்கா: அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் ஓட்டிட்டே. இங்க பாரு, இன்னிக்கு வர்றது இருபத்துமூணாவது டிஸ்க். அவங்க சத்தமாப் படிச்சு டிஸ்க்ல ஏத்தற அந்தக் கப்பல் புத்தகம் இத்தோட சரி. அவங்க படிச்சு முடிச்சாச்சு, நூலகத்துக்குக் கொடுத்தாச்சு, வேலை தீர்ந்தது. அடுத்த சனிக்கிழமை இந்தப் படி ஏற அவங்களுக்கு ஒரு காரணமும் கிடையாது.

தம்பி: தெரியும்.

அக்கா: இன்னிக்கு விட்டா விட்டதுதான்.

தம்பி: தெரியும்னு சொல்றேன்ல. இன்னிக்குச் சொல்லிடறேன். ஏற்பாடெல்லாம் பண்ணி வச்சிருக்கேன்.

அக்கா: என்ன ஏற்பாடு?

தம்பி: இன்னிக்கு லேபிள்ல இருக்கு.

அக்கா: எங்க, ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்பு...

தம்பி: கிட்ட வராதே அக்கா. முதல்ல அவங்கதான் பார்க்கணும்.

அக்கா: அப்படிப் போகுதா கதை. சரி, பார்க்கட்டும். வந்தாச்சு, வாசல்ல குடையை மடக்கறாங்க. டேய், காலர் ஒரு பக்கம் உள்ள போயிருக்கு...

டாக்டர்: லேட் ஆயிடுச்சா? கடைசியா வந்தவர் வாயை மூடவே மாட்டேன்னுட்டார். பல்லைப் பிடுங்கினப்புறமும் அவர் மாமனாரைப் பத்தியே பேசறார்.

அக்கா: வாங்க டாக்டர். இங்க ஒருத்தன் வாயைத் திறக்கவே மாட்டேங்கறான். ரெண்டு பேரையும் சேர்த்து வச்சு வைத்தியம் பார்த்தா சரியாயிடும்.

தம்பி: அக்கா...

டாக்டர்: ஆமா, உங்க பல்லு எப்படி இருக்கு?

தம்பி: இப்போ பரவாயில்லை டாக்டர்.

டாக்டர்: வலது பக்கம்தானே வலின்னீங்க?

தம்பி: ஆமா, வலது பக்கம்.

டாக்டர்: போன தடவை இடதுன்னீங்களே.

அக்கா: அவனுக்கு வலி பல்லுலயே இல்லை டாக்டர். கழுத்துக்குக் கீழே ஒரு சாண் தள்ளி.

தம்பி: டிஸ்க்கைக் கொடுங்க டாக்டர், வேலையை ஆரம்பிச்சிடறேன்.

டாக்டர்: இந்தாங்க. இருபத்துமூணு. நேத்து விடியக்காலையில எழுந்து கடைசி அத்தியாயத்தைப் படிச்சேன். ரெண்டு இடத்துல தெரு நாய் குரைக்குது. மறுபடி படிக்கப் பொறுமை இல்லை, அப்படியே விட்டுட்டேன்.

தம்பி: இருக்கட்டும். கப்பல் கரைக்குப் பக்கத்துல வந்துடுச்சு, நாய் குரைக்கத்தான் செய்யும்.

டாக்டர்: அட. கரைக்கு வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தம்பி: புத்தகத்தை நானும் வாங்கிப் படிச்சேன். படம் போடணும்ல...

அக்கா: ஆயிரம் பக்கம் டாக்டர். பள்ளிக்கூடத்துல ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள நாலு கொட்டாவி விட்டவன். கடைசியில அந்தக் கேப்டன் வீடு போய்ச் சேர்றாராமா?

டாக்டர்: கரை வரைக்கும் வர்றார். தூரத்துல யாரோ நிக்கறது தெரியுது. அது யாருன்னு சொல்லாமலே புத்தகத்தை முடிச்சுட்டாங்க. எனக்கு ஒரே ஆத்திரம்.

தம்பி: எனக்கும்தான்.

அக்கா: எனக்கு இந்த மெஷினே இன்னும் புரியலை. டிஸ்க்குக்குள்ள இருக்கற கதை அழியாம மேல எப்படிப் படம் விழுது?

டாக்டர்: கதை அடிப்பக்கத்துல இருக்கு. லேபிள் போடறதுக்கு டிஸ்க்கைத் தலைகீழா வைக்கணும். கதையை எழுதின அதே ஒளி இப்போ மேல்பக்கத்துல படத்தைச் சுடும். நடுவுல வட்டமா குட்டிக் குட்டிக் கோடு இருக்கு பாருங்க, அதை வச்சுத்தான் எங்க ஆரம்பிக்கணும்னு மெஷின் கண்டுபிடிக்குது. எத்தனை தடவை எடுத்து வச்சாலும் அதே இடத்துலேருந்துதான் ஆரம்பிக்கும்.

அக்கா: பல் டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

டாக்டர்: இத்தனை வாரமா எதிர்ல உட்கார்ந்து இதையேதானே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

தம்பி: வச்சாச்சு. ஓட ஆரம்பிச்சிடுச்சு.

டாக்டர்: இன்னிக்கு என்ன, ஸ்கிரீனை அந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க?

தம்பி: அது... வெயில் கண்ணுல அடிக்குது.

டாக்டர்: வெளிய தூறல் போட்டுக்கிட்டு இருக்கே.

அக்கா: அவனுக்கு உள்ளுக்குள்ளயே வெயில் அடிக்குது டாக்டர். உட்காருங்க. காலையில இப்படித்தான் நாடகக்கார வாத்தியார் ஒருத்தர் பத்து டிஸ்க்கோட வந்தார். இவன் ஒரு மணி நேரத்துல பத்தையும் போட்டு...

தம்பி: அக்கா, டீ.

டாக்டர்: பத்தும் ஒரு மணி நேரத்துலயா?

தம்பி: அது படம் இல்லாத லேபிள் டாக்டர். வெறும் எழுத்து. எழுத்து சீக்கிரம் ஆயிடும். அக்கா, டீ வாங்கிட்டு வரேன்னியே.

அக்கா: நான் எப்போ சொன்னேன்? ஓ... ஆமா. சொன்னேன். மூணு டீ. எதிர்க்கடையில கூட்டமா இருக்கும், மெதுவாத்தான் வருவேன். டாக்டர், குடையைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?

டாக்டர்: தாராளமா. கம்பி ஒண்ணு வளைஞ்சிருக்கு, பார்த்துப் பிரிங்க.

தம்பி: மழை வலுக்கும்போல இருக்கு.

டாக்டர்: ஆமா.

தம்பி: டாக்டர்... ஒரு விஷயம் சொல்லணும்.

டாக்டர்: சொல்லுங்க.

தம்பி: கோபப்படக் கூடாது.

டாக்டர்: நான் கோபப்பட்டா நாற்காலியில இருக்கறவங்க எழுந்து ஓடிடுவாங்க. அந்தப் பழக்கத்தை எப்பவோ விட்டுட்டேன். சொல்லுங்க.

தம்பி: போன வாரம் ரெண்டு டிஸ்க் சேர்த்துக் கொண்டு வந்தீங்கல்ல, இருபத்தொண்ணும் இருபத்திரெண்டும்... லேபிளை மாத்திச் சுட்டுட்டேன்.

டாக்டர்: எப்படி?

தம்பி: ரெண்டுக்கும் மேல்பக்கம் ஒரே மாதிரி வெறுமையா இருந்துச்சு. உங்ககிட்ட பேசிக்கிட்டே எடுத்து வச்சேன். நீங்க போனப்புறம் ஸ்கிரீன்ல பார்த்தா, இருபத்திரெண்டோட படம் முதல்ல போயிருக்கு. சுட்டதை அழிக்கவும் முடியாது. அன்னிக்குச் சோறு இறங்கலை எனக்கு.

டாக்டர்: இவ்வளவுதானா? நான் என்னவோன்னு பயந்துட்டேன்.

தம்பி: இவ்வளவுதானாவா? கேக்கறவங்க, கேப்டன் தீவுலேருந்து தப்பிச்சதை முதல்ல கேப்பாங்க. அப்புறம்தான் அவர் தீவுல மாட்டிக்கிட்டதையே கேப்பாங்க.

டாக்டர்: அப்படி ஆகாது.

தம்பி: ஏன் ஆகாது?

டாக்டர்: டிஸ்க் ரெண்டும் அதது பெட்டியில சரியாத்தான் இருந்துச்சு. அவங்க பெட்டியை வச்சுத்தான் எடுப்பாங்க. லேபிளைப் பார்த்து... எடுக்க மாட்டாங்க.

தம்பி: அப்போ லேபிள் எதுக்கு?

டாக்டர்: லேபிள்... ஒரு அழகுக்கு. எவ்வளவு ஆகியிருக்குன்னு பாருங்க.

தம்பி: முப்பத்தஞ்சு சதவீதம்.

டாக்டர்: இன்னிக்கு என்ன இவ்வளவு மெதுவாப் போகுது.

தம்பி: டாக்டர், செவ்வாய்க்கிழமை நான் அந்த நூலகத்துக்குப் போயிருந்தேன்.

டாக்டர்: எந்த நூலகம்?

தம்பி: நீங்க டிஸ்க் கொடுக்கற நூலகம். உங்க பையில முகவரி அச்சடிச்சிருந்துச்சு. தப்பு என்னுது, நானே போய்ச் சொல்லிடலாம்னு போனேன்.

டாக்டர்: அங்க யாரைப் பார்த்தீங்க?

தம்பி: நூலகரைப் பார்த்து, ஐயா, இருபத்தொண்ணுல இருபத்திரெண்டோட லேபிள் விழுந்துடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னேன். அவர் ரெண்டு பெட்டியையும் எடுத்து மேல விரலை ஓட்டினார். ரெண்டும் சரியாத்தானே இருக்குன்னார். அப்போதான் பார்த்தேன். பெட்டி மேல புள்ளி புள்ளியா எழுத்து. அங்க கேட்டுக்கிட்டு இருந்தவங்க யாருக்குமே பார்வை இல்லை. அவருக்கும் இல்லை.

டாக்டர்: போயே பார்த்துட்டீங்களா.

தம்பி: டிஸ்க் மேல படம் போட்டிருக்குங்க ஐயான்னு சொன்னேன். படமா, டாக்டர் எங்ககிட்ட சொல்லவே இல்லையேன்னு அவர் சிரிக்கறார். தடவிப் பார்த்தாலும் தெரியாத லேபிள். எனக்குத் தலையைச் சுத்திடுச்சு. இருபத்திரெண்டு வட்டத்துக்கு நான் எதுக்குப் படம் போட்டேன்?

டாக்டர்: அப்புறம் என்ன ஆச்சு?

தம்பி: என்ன படம், ஒண்ணொண்ணாச் சொல்லுங்கன்னு என்னை உட்கார வச்சுட்டார். அங்க இருந்த ஆறு பேரும் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டுச் சுத்தி உட்கார்ந்துட்டாங்க. ஒண்ணாவது டிஸ்க்ல கப்பல் துறைமுகத்துல நிக்குது, ரெண்டாவதுல பாய் விரிச்சிருக்குன்னு ஆரம்பிச்சேன். மூணாவதுல ஒரு பூனை இருக்குன்னதும், ஒரு அம்மா, கதையில பூனையே கிடையாதேன்னு பிடிச்சுக்கிட்டாங்க.

டாக்டர்: நானும் அன்னிக்கே கேக்கணும்னு நினைச்சேன். எட்டாவதுல அது குட்டி வேற போட்டிருந்துச்சு.

தம்பி: அதெல்லாம் கவனிச்சீங்களா?

டாக்டர்: பன்னெண்டாவதுல ஒரு குட்டியைக் காணோம். பதினாலாவதுல அது கொடிமரத்து மேல உட்கார்ந்திருந்துச்சு. அது கிடைக்கற வரைக்கும் ரெண்டு வாரம் எனக்கு நிம்மதி இல்லை.

தம்பி: அந்த அம்மாவும் அதையேதான் கேட்டாங்க. குட்டி கிடைச்சுதா, கிடைச்சுதான்னு. கிடைச்சிடுச்சுன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க டாக்டர். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. யாரும் பார்க்கலைன்னு துடைச்சுக்கிட்டேன். உடனே நூலகர், அழாதீங்க, டீ சாப்பிடுங்கன்னார்.

டாக்டர்: அவர்கிட்ட எதையும் மறைக்க முடியாது.

தம்பி: இன்னொண்ணும் சொன்னார். நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் பண்ணி, பாகம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுவீங்களாம். ஆனா டிஸ்க் திங்கக்கிழமைதான் போய்ச் சேருமாம். நடுவுல ரெண்டு நாள் அது எங்க போகுதுன்னு அவங்களுக்குள்ள ஒரு பட்டிமன்றமே நடந்திருக்கு. என்னைப் பார்த்ததும்... பார்த்ததும் இல்ல, நான் பேசினதும், இப்போ புரிஞ்சு போச்சுன்னார்.

டாக்டர்: ஐயோ...

தம்பி: இப்போ சொல்லுங்க. பார்வை இல்லாதவங்களுக்கு எதுக்கு லேபிள்?

டாக்டர்: ...

தம்பி: டாக்டர், வாயைத் திறங்க.

டாக்டர்: என் வசனத்தை எனக்கே சொல்றீங்களா? சரி. முதல் முதல்ல இந்தக் கடைக்கு நான் ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தேன். ரெண்டே பக்கம். நீங்க பள்ளிக்கூட நாடகம் ஒண்ணுக்கு லேபிள் வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. ஆறு டிஸ்க், ஆறுலயும் மரம். ஒரே மரத்தை ஆறு தடவை போட்டிருக்கலாம். நீங்க ஒவ்வொண்ணுக்கும் புதுசா வரைஞ்சீங்க. ஒண்ணுல ஊஞ்சல், ஒண்ணுல கிளையில மாட்டின பட்டம். ஏன்னு அக்கா கேட்டதுக்கு, வாங்கிட்டுப் போற பசங்க ஆறு பேரும் வேற வேறதானேன்னு சொன்னீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

தம்பி: மரமா?

டாக்டர்: மரமும்.

அக்கா: டீ வந்தாச்சு. இதென்ன, ரெண்டு பேரும் கன்னத்துல கை வச்சு உட்கார்ந்திருக்கீங்க? மெஷின் நின்னு போச்சா?

டாக்டர்: மெஷின் ஓடுது. உங்க தம்பிதான் என்னைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டார்.

அக்கா: இவனா? இவன் கொசுவைக்கூடப் பிடிச்சதில்லையே. என்னடா, சொல்லிட்டியா?

தம்பி: பாதி.

அக்கா: எந்தப் பாதி?

தம்பி: அவங்க பாதி.

அக்கா: உன் பாதி?

தம்பி: தொண்ணூத்தெட்டு சதவீதத்துல இருக்கு. கொஞ்சம் பொறு.

அக்கா: நான் பொறுத்துப் பொறுத்து இந்தக் கடையில எனக்கு முடியே நரைச்சுப் போச்சு. டாக்டர், டீயைக் குடிங்க, ஆறிடும்.

தம்பி: முடிஞ்சிடுச்சு. டாக்டர், நீங்களே எடுங்க. விளிம்பைப் பிடிச்சு எடுங்க.

டாக்டர்: இது... கரை. கப்பல் வந்து சேர்ந்துடுச்சு. பூனை கீழே இறங்கிடுச்சு, குட்டி மூணும் இருக்கு.

அக்கா: எங்க, எனக்கும் காட்டுங்க. கரையில ஒருத்தன் நிக்கறானே. மூக்கு நம்ம வீட்டு மூக்கு மாதிரியே இருக்கு. டேய், ஒரு காலர் உள்ள மடங்கியிருக்கு. நீயேதானா?

டாக்டர்: ஒருத்தர்தான் நிக்கறார். பக்கத்துல வெறுமையா இருக்கே. மிச்சக் கரை முழுக்க ஆளும் மூட்டையும் வண்டியுமா இருக்கு. அங்க மட்டும் ஏன் ஒண்ணும் போடலை?

தம்பி: அது... நானேதான் விட்டு வச்சேன்.

டாக்டர்: ஏன்?

தம்பி: இந்த மெஷின்ல போட்டதை அழிக்கத்தான் முடியாது. சேர்க்கலாம். நீங்களே அக்காகிட்ட சொன்னீங்களே, எத்தனை தடவை எடுத்து வச்சாலும் அதே இடத்துலேருந்துதான் ஆரம்பிக்கும்னு. அந்தக் கேப்டனுக்குக் கரையில யார் நின்னாங்கன்னு புத்தகத்துல எழுதலை. இங்க நிக்கறவன் பக்கத்துல யாருன்னு... நான் கேக்காம எப்படி வரையறது? அடுத்த சனிக்கிழமையும் நீங்க வரணும் டாக்டர். டிஸ்க் இல்லாட்டியும் வரணும். எல்லாச் சனிக்கிழமையும். இவ்வளவுதான் நான் சொல்லணும்னு நினைச்சது.

அக்கா: அப்பாடா.

தம்பி: வேண்டாம்னா அங்க ஒரு மரத்தை வரைஞ்சிடறேன். யாருக்கும் தெரியாது.

டாக்டர்: மரம் வேண்டாம்.

தம்பி: பின்ன...

டாக்டர்: ஒரு பொண்ணு. மூக்கெல்லாம் உங்க இஷ்டம். கையில மட்டும் கம்பி வளைஞ்ச குடை இருக்கணும்.

அக்கா: இருங்க, இருங்க. டீயைக் கீழே வச்சுக்கறேன். டேய், ஏன் அப்படியே நிக்கறே? டிஸ்க்கை வாங்கி உள்ள வைடா. தலைகீழா வை.

தம்பி: வைக்கறேன் அக்கா... இதோ. டாக்டர், குடையை வரைய ரெண்டு நிமிஷம் போதும். ஆனா சுடறதுக்கு மறுபடி முப்பது நிமிஷம் ஆகும். மெஷின் அப்படி, என்ன பண்றது. மூணரைக்கு நீங்க கிளினிக் திறக்கணுமே...

டாக்டர்: ஆறு நிமிஷம் போதும். இதே மெஷின் என் மேஜை மேலயும் இருக்கு, கதையை ஏத்தறதே அதுலதான், மூணு வேகமும் எனக்கு முதல் வாரத்துலேருந்தே தெரியும்... ஆனா நீங்க முப்பது நிமிஷத்துலயே போடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் கிளினிக் கிடையாதுன்னு கதவுல எழுதி ஒட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.